மோப்பத்தின் மூக்கும் மெத்தை வண்டியின் பம்பும்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது தெருவில் யாருக்கும் தெரியாது; தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதும் இல்லை. "மோப்பம் பட்டறை எங்கே?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். பெட்டிக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட இடம். வாசலில் எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன மண். உள்ளே ஒரு மேசை, ஒரு ஜாக்கி, சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள், அதற்குக் கீழே எந்தக் காலத்துக் காரிலிருந்தோ பிடுங்கிய கிழிந்த சீட்டு ஒன்று. அந்தச் சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயது ஆள்தான் மோப்பம்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. வண்டி வாசலுக்குள் மூக்கை நீட்டும்போதே உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவான். "கிளட்ச் கருகுது." "ரேடியேட்டர் கசியுது." "பின் பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குது." ஒருமுறை, "வண்டியில ஒரு கோளாறும் இல்ல சார், பின்சீட்டுக்கு அடியில வாழைப்பழத் தோல் கிடக்குது, அதை எடுத்துப் போடுங்க" என்றான். வந்தவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். கிடந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது மோப்பம் என்ற பெயர்.

சரி, மூக்கு நல்ல மூக்குதான், யார் இல்லை என்றது? அந்த மூக்குக்குக் கீழே ஒரு வாயும் இருந்ததே, அதுதான் தொந்தரவு. தெரு திரும்புகிற முனையில் இன்னொரு மெக்கானிக் இருந்தான். எதையும் அளந்து பார்க்காமல் தொடமாட்டான். காற்றை அளக்க ஒன்று, எண்ணெயை அளக்க ஒன்று, கரன்ட்டை அளக்க ஒன்று என்று சுவர் முழுக்க வட்ட வட்டமாகக் கேஜ் மாட்டி வைத்திருந்தான். அவனுக்கு மீட்டர் என்று பெயர் வைத்ததே மோப்பம்தான். வைத்ததோடு விட்டானா? "கேஜ் எல்லாம் மூக்கில்லாதவனுக்குப்பா! பொண்டாட்டி கோவமா இருக்காளான்னு பாக்கக்கூட அவன் தெர்மாமீட்டர் வச்சுத்தான் பாப்பான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. மீட்டர் நல்ல மனசோடு, பழசானாலும் வேலை செய்கிற ஒரு பிரஷர் கேஜைக் கொண்டுவந்து, "வச்சுக்க, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் உதவும்" என்று கொடுத்தான். மோப்பம் அதை வாங்கி, அத்தனை பேர் பார்க்க, பட்டறையில் படுத்திருந்த நாயின் கழுத்தில் கட்டிவிட்டான். "இன்னையிலேர்ந்து இவன்தான் ஜூனியர் மீட்டர்!" தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மீட்டர் மட்டும் சிரிக்கவில்லை, திரும்பி நடந்தான். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மோப்பத்துக்கு அது நடக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

மழை தொடங்கிய சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டுப் போனது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருந்தது, அழகாகத்தான் இருந்தது, வாடைதான் இல்லை. குளிக்கப் போனவன் சோப்பை முகர்ந்தான், ஒன்றும் தெரியவில்லை. சமையலறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வெங்காயத்தை நறுக்கினான். கண்ணீர்தான் வந்தது. பட்டறைக்கு ஓடிப்போய்ப் பெட்ரோல் கேனைத் திறந்து, முகத்தையே உள்ளே விடாத குறையாக இழுத்தான். தலை சுற்றியது, வாடை வரவில்லை.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "சில பேருக்குத் திரும்பி வரும். சில பேருக்கு வராது. பொறுமையா இருங்க."

"வரலைன்னா டாக்டர்?"

"பழகிடும்."

பழகிடுமாம்! அந்தாளுக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்த மோப்பம் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பாட்டுக்காரனுக்குத் தொண்டை போனால் ஊர் அழும். மெக்கானிக்குக்கு மூக்கு போனால் ஊர் சிரிக்கும், அதுவும் இந்த மெக்கானிக்குக்குப் போனால் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த மூக்கை நம்பித்தான் வண்டிகள் முனையிலிருக்கிற மீட்டரைத் தாண்டி இவனிடம் வந்தன. விஷயம் வெளியே போனால் பட்டறை என்ன ஆகும்? மோப்பம் இல்லாத மோப்பத்திடம் எவன் வருவான்? செத்தாலும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் மறைப்பது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். மனைவி தையல்காரி. முன்னறையில் மிஷினைப் போட்டு மெத்தை உறை, தலையணை உறை தைப்பவள். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் தையல் மட்டுமில்லை, மனுஷனும் எங்கே பிரிந்திருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று மோப்பம் ஒரு தந்திரம் செய்தான். தட்டில் எது விழுந்தாலும், "ஆகா, வாசனையே தூக்குதே!" என்றான். இருபத்தைந்து வருஷமாக உப்புக் குறைவு, காரம் அதிகம் என்று நொட்டை சொல்லிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று இப்படிப் பேசினால் எந்த மனைவிதான் நம்புவாள்?

"ஏங்க, என்ன தப்புப் பண்ணினீங்க? மரியாதையா சொல்லிடுங்க."

"நான் என்ன பண்ணினேன்? நல்லா இருக்குன்னு சொன்னா அதுவும் தப்பா?"

"நீங்க சொன்னா தப்புதான்."

இன்னொரு நாள் அடுப்பில் பால் வைத்துவிட்டு அவள் கடைக்குப் போய் வந்தாள். வாசலிலேயே கருகல் வாடை ஆளை அடித்தது. ஓடி வந்து பார்த்தால் பாத்திரம் கரியாகப் புகைந்துகொண்டிருக்கிறது. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி இந்த மனுஷன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். "பால் கருகுறது தெரியலையா?" என்று கத்தினாள். "பால் என்ன, என்னைக் கூப்பிட்டுச் சொல்லுச்சா?" என்று திருப்பிக் கத்தினான். வாய் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைக்கு மெய்யானது. சண்டை பேப்பரின் பக்கம் திரும்பிவிட்டது.

பட்டறையில் என்ன செய்தான் என்கிறீர்களா? அங்கேதான் அவன் கில்லாடி. தன் மூக்கு போனால் என்ன, வருகிறவன் மூக்கு இருக்கிறதே! பானெட்டைத் தூக்குவான். "சார், கொஞ்சம் குனிஞ்சு இங்க பாருங்க" என்று வண்டிக்காரரைக் கூப்பிடுவான். அவர் குனிவார். மோப்பம் எஞ்சினைப் பார்க்கமாட்டான், அவர் மூக்கைப் பார்ப்பான். தலை வெடுக்கென்று பின்னால் போனால் பச்சைப் பெட்ரோல். உதடு கோணினால் கருகிய கிளட்ச். புருவம் மட்டும் சுருங்கினால் எண்ணெய்க் கசிவு. "பெட்ரோல் ஒழுகுது சார்" என்று மோப்பம் சொன்னதும் அவர், "அட, எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு!" என்று வியந்துபோவார். இப்படியே ஊரான் மூக்கில் மாதக்கணக்காகத் தொழில் நடத்தினான். ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்போதுதான் மெத்தைக்கடை அக்காவின் வண்டி வந்தது.

அக்கா வாட்டசாட்டமான ஆள். மெத்தைக்கடை முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். மோப்பத்தின் மனைவி உறை தைத்துக் கொடுப்பதும் அவருக்குத்தான். அவருடைய லாரி அவரைவிட வயதில் மூத்தது. இந்தக் காலத்து வண்டிபோலக் கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் கிடையாது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சுத்தமான கார்புரேட்டர் வண்டி. டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்குக் கொடுக்க எஞ்சின் பக்கத்தில் ஒரு பம்பு இருக்கும். எஞ்சின் சுற்றினால் அது ஆடும், உள்ளே இருக்கிற ரப்பர்த் தகடு மேலும் கீழும் போய் பெட்ரோலை இழுக்கும். அந்தத் தகடு கிழிந்துவிட்டது. மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டி தாகத்தில் தவித்து நின்றது.

"புதுத் தகடு போடு தம்பி" என்றார் அக்கா.

"போடலாம்க்கா. அதைச் செஞ்ச கம்பெனிக்காரன் போய்ச் சேந்துட்டான், அவனை எழுப்பிக் கொண்டாங்க, போடலாம். இல்லாட்டி கரன்ட் பம்பு வச்சுடறேன்."

கரன்ட் பம்பே வைப்பது என்று முடிவாயிற்று. வேலையில் குறை சொல்ல முடியாது, கை சுத்தமான கை. பழைய பம்பைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடினான். புதுப் பம்பைப் பின்னால் டாங்குக்குப் பக்கத்தில், டாங்கின் அடிமட்டத்துக்கும் கீழாகச் சட்டத்தில் முடுக்கினான். இந்தப் பம்புக்குத் தள்ளத் தெரியும், இழுக்கத்தான் சோம்பல். அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி. குழாயைச் சைலன்சர் சூடு படாமல் எட்டக் கொண்டுபோனான். சாவியைத் திருப்பினால் பம்பு ஓடும்படி வயர் இழுத்தான். எல்லாம் கச்சிதம்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கரன்ட் பம்புக்கு வேகம் அதிகம். கார்புரேட்டரோ கைக்குழந்தை மாதிரி. ஸ்பூனில் ஊட்டினால் விழுங்கும், குழாயைத் திறந்து வாயில் வைத்தால் கக்கும். கக்குகிற பெட்ரோல் நேராகக் கீழே போகிற இடம், எஞ்சின் புகையை வெளியே விடுகிற இரும்புக் குழாய். வண்டி ஓடினால் அது கொதிக்கும். அதனால் நடுவில் ரெகுலேட்டர் என்று ஒன்றை வைத்து, அதன் திருகைத் திருகி வேகத்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? அதற்குத்தான் கேஜ். மோப்பம் என்றைக்குக் கேஜ் வைத்தான்? வாடை வருகிற வரை திருகைத் திறப்பான், வாடை நிற்கிற வரை மூடுவான், அதிலிருந்து இன்னும் அரைச் சுற்று மூடுவான். அவ்வளவுதான் கணக்கு. அது ஒருநாளும் தப்பியதில்லை.

பம்பு வாங்கப் போன கடையிலேயே, "கேஜ் ஒண்ணு தரட்டுமா?" என்று கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். வாங்கியிருக்கலாம். வாங்கிச் சட்டைக்குள் ஒளித்தாவது கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு ஓட்டை வாய். மோப்பம் கேஜ் வாங்கினான் என்பது அவன் பட்டறைக்குத் திரும்பும் முன்பே மீட்டர் காதுக்குப் போய்விடும். "எதுக்கு? எங்க நாய்க்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு மோப்பம் வந்துவிட்டான். நாய் அதை எந்தக் குப்பையில் கழற்றிப் போட்டதோ, அது நாய்க்குத்தான் தெரியும்.

வண்டியை எடுக்க அக்கா வந்தார். வண்டியின் முதுகில் கடை ஆட்கள் மெத்தைகளை மாடி உயரத்துக்கு அடுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு விடுதிக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். உறை மாட்டிக் கொடுக்க மோப்பத்தின் மனைவியும் கூடப் போகிறாள். மூட்டையோடு வந்து நின்றாள்.

"நீ ஏறி உக்காரு. இங்கெல்லாம் எண்ணெய், புடவையில படும்" என்று அவளை விரட்டினான். அவளைப் பானெட் பக்கம் விட்டால் ஆபத்து. இவன் அவள் மூக்கைப் பார்ப்பதற்குள் அவள் இவன் முகத்தைப் படித்துவிடுவாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ந்த எஞ்சின் என்பதால், பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிற சோக் இழுத்துவிட்டிருந்தது. பின்னால் கொஞ்சம் கறுப்புப் புகை வந்தது. சோக் இழுத்தால் கறுப்பாகத்தான் வரும் என்று மோப்பம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அக்கா, இங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. புதுப் பம்பு எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்கும் தெரியணும்ல?"

அக்கா குனிந்தார். மோப்பம் ரெகுலேட்டர் திருகில் ஸ்பேனரை வைத்தான், கண்ணை அக்காவின் மூக்கில் வைத்தான். கொஞ்சம் திறந்தான். மூக்கு அசையவில்லை. இன்னும் திறந்தான். புருவம் சுருங்கவில்லை, தலை பின்னால் போகவில்லை. சுவரைப் பார்ப்பதும் ஒன்று, அக்கா முகத்தைப் பார்ப்பதும் ஒன்று. அடேயப்பா, இவ்வளவு வேகத்தைத் தாங்குகிறதே இந்தக் கார்புரேட்டர், அந்தக் காலத்து இரும்பென்றால் இரும்புதான் என்று மோப்பம் மனசுக்குள் பூரித்துப்போனான். மேட்டில் நிற்காமல் ஏறட்டும் என்று அப்படியே வைத்துப் பூட்டினான்.

"அவ்வளவுதான்க்கா. இனிமே எந்த மேடா இருந்தாலும் தூக்கிட்டுப் போகும். ஒருவேளை எங்கேயாவது நின்னுச்சுன்னா பயப்படாதீங்க. சாவியைப் போட்டபடியே வச்சுட்டுக் கொஞ்சம் பொறுங்க. பம்பு பெட்ரோலைக் கொண்டாந்துடும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க."

"நீ சொன்னா சரிதான் தம்பி" என்று அக்கா ஏறி உட்கார்ந்தார். மனைவி உள்ளிருந்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை, கையை மட்டும் ஆட்டினான். வண்டி வாசலைத் தாண்டியது. தாண்டும்போது அக்கா தெருவே அதிர ஒரு தும்மல் போட்டார்.

"பாத்தியா தம்பி, இந்த ஜலதோஷம் என்னை விடவே மாட்டேங்குது! நாலஞ்சு நாளா ஒரு வாடையும் தெரியலை. நேத்து சாதம் அடிப்பிடிச்சதுகூடத் தெரியாம இருந்திருக்கேன்னா பாத்துக்கயேன்!"

ஜன்னலிலிருந்து கையை ஆட்டிவிட்டு அக்கா போய்விட்டார்.

மோப்பம் கையில் ஸ்பேனரோடு நின்றான். முதலில் விஷயம் மண்டையில் ஏறவில்லை. பிறகு ஏறியது. ஊரில் அத்தனை மூக்கு இருக்கும்போது, போயும் போயும் அடைத்துக்கிடந்த ஒரு மூக்கையா நம்பினான்? குரல் கட்டியிருந்ததைக் காது கேட்டுத்தானே இருந்தது? கேட்டது. ஆனால் அக்காவின் குரல் என்றைக்குமே தகர டப்பா உருட்டுகிற குரல்தான், அதில் ஜலதோஷத்தை எங்கே தேடுவது? ஒன்றும் ஆகாது, போகட்டும், சாயங்காலம் போய் ஏதாவது சாக்குச் சொல்லிச் சரிபண்ணிவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. வெட்கங்கெட்ட மனசு, அப்படியும் சொல்லத்தான் செய்தது. அடுத்த நொடி, உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று ஞாபகம் வந்தது. ஓடினான்.

ஐம்பது வயதுத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது லேசான காரியமா? செருப்பு ஒன்று சலவைக்கடை வாசலிலேயே நின்றுவிட்டது. "என்னப்பா, யாரு துரத்துறா?" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல மூச்சு இல்லை. வண்டி தெருமுனையில் திரும்பப் போன இடத்தில் குலுங்கியது, இருமியது, நின்றுவிட்டது. எங்கே நின்றது தெரியுமா? சரியாக மீட்டர் பட்டறைக்கு எதிரே. வேறு இடமே கிடைக்கவில்லையா இந்தப் பாழாய்ப்போன வண்டிக்கு! மீட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனைச் சுற்றி நாலைந்து வாடிக்கையாளர்கள், ஒருவன் வாயில் சிகரெட்.

எஞ்சின் நின்றுவிட்டது, பம்பு நிற்கவில்லை. சாவி போட்டபடி இருக்கிறது. மோப்பம் சொல்லிக்கொடுத்த மாதிரியே அக்கா பொறுமையாகக் காத்திருக்கிறார். பின்னால் பம்பு கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. அடிக்கிற அத்தனையும் கொதிக்கிற இரும்பின்மேல். இதற்குமேல் ஸ்டார்ட்டர் ஒரு பொறி விட்டால் போதும், மெத்தைக்குத் தீப்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"அக்கா! சாவியை அணைங்க!"

"என்ன தம்பி இப்படி ஓடி வர்றே? ஒண்ணுமில்ல, நின்னுபோச்சு. நீ சொன்ன மாதிரிதான் வச்சிருக்கேன், பம்பு கொண்டாந்துடும்."

"இல்லக்கா, அணைங்க. உள்ள ஒரு ஸ்பேனரை விட்டுட்டேன்."

"கையில வச்சிருக்கியே தம்பி!"

"அது வேற ஸ்பேனர்!"

"சாயங்காலம் எடுத்துக்கப்பா. விடுதியில காத்துக்கிட்டிருக்காங்க." அக்காவின் கை ஸ்டார்ட்டர் பக்கம் போனது.

எப்படிப்பட்ட நம்பிக்கை பாருங்கள்! இவன் சொன்ன ஒரு வார்த்தையை இவனே வந்து மாற்றச் சொன்னாலும் மாற்றமாட்டேன் என்கிற நம்பிக்கை. சுற்றிலும் பார்த்தான். மீட்டர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான். சிகரெட்காரன் வண்டியைத் தள்ளிவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு சாலையில் இறங்கிவிட்டான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மனைவி, மடியில் உறை மூட்டையோடு, இவனையே பார்க்கிறாள்.

"எனக்கு வாடை தெரியாதுக்கா!" என்று அலறினான். "என் மூக்கு செத்துப்போச்சு! காய்ச்சலோட போச்சு, ஒரு மண்ணும் தெரியாது! உங்க மூக்கைப் பாத்துத்தான் செட்டிங் வச்சேன்! பெட்ரோல் ஒழுகுது, வண்டி பத்திக்கும், சாவியைப் பிடுங்குங்க! ஏம்மா, எறங்கு! எறங்கித் தொலை! யோவ், சிகரெட்டைத் தூக்கி எறிய்யா, அந்தப் பக்கம் எறி!"

தெரு அப்படியே நின்றது. அக்கா சாவியைப் பிடுங்கினார். பின்னால் கடகட சத்தம் அடங்கியது. முதலில் அசைந்தவன் மீட்டர். உள்ளே ஓடித் தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். மோப்பம் பானெட்டைத் தூக்கினான். கார்புரேட்டரின் மறுபக்கம் முழுக்கப் பளபளவென்று நனைந்திருந்தது. கீழே சூடான குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற அத்தனை தலையும் ஒரே நேரத்தில் வெடுக்கென்று பின்னால் போனது. அதைப் பார்த்துத்தான் மோப்பத்துக்கு வாடை எவ்வளவு என்று புரிந்தது. கையை உள்ளே விட்டு, பின்னாலிருந்து வருகிற குழாயைப் பிடித்து மடித்து நெரித்தான். மீட்டர் சிலிண்டரோடு பக்கத்திலேயே நின்றான். சூடு அடங்குகிற வரை அதைக் கீழே இறக்கவில்லை.

தீப்பிடிக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் தெரு சிரிக்க ஆரம்பித்தது. மாதக்கணக்காக எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒளிந்தானோ அந்தச் சிரிப்பு, வட்டியும் முதலுமாக. "ஊரான் மூக்கையா பாத்தே!" என்று ஒருவன். "போன வாரம் என்னைக் குனியச் சொன்னது இதுக்குத்தானா?" என்று இன்னொருவன். மீட்டர் சும்மா இருப்பானா? உள்ளே போய்க் கேஜைக் கொண்டுவந்து குழாயில் மாட்டி, எல்லாரையும் எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, பம்பை ஒரு நொடி ஓடவிட்டான். முள் ஒரே தாவாகத் தாவியது.

"இருக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு" என்றான். "மூக்கு சரியில்லாட்டி டாக்டரைப் பாக்கணும்யா. கார்புரேட்டரைப் பாக்கக் கூடாது."

வாழ்க்கையில் முதல்முறையாக மோப்பத்தின் வாய் மூடிக்கொண்டது. மீட்டர் கேஜைப் பிடித்துக்கொண்டு அளவு சொல்ல, இவன் திருகை மூடினான். "இன்னும்." மூடினான். "இன்னும் கொஞ்சம். போதும்." அக்கா அந்தப் பக்கம் தும்மிக்கொண்டே, "நான் என்னப்பா பண்ணினேன், குனியச் சொன்னான், குனிஞ்சேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி ஓரமாக நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மூட்டையை இன்னும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். மோப்பம் போய் எதிரே நின்றான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு வாடை வரலையா?" என்று கேட்டான்.

"வந்துச்சு."

"எப்போ?"

"ஏறி உக்காந்ததுமே வந்துச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க கையை ஆட்டினீங்க." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "சரி, நீங்க பாத்து வச்சதுதானே, புதுப் பம்புன்னா இப்படித்தான் வாடை வரும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

தெரு சிரித்ததுகூட அவனுக்கு உறைக்கவில்லை, இது உறைத்தது. மூக்குக்கு அடியில் பெட்ரோல் ஆறாக ஓடியும், புருஷன் சரி என்று சொன்ன ஒரே காரணத்துக்காகத் தன் மூக்கைத் தானே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவன் சொல்லை நம்பி எரிந்தே போயிருப்பாள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை, அழுதுவிட்டான். அவள் பக்கத்தில் உட்காரப் போனான்.

அவள் உள்ளங்கையை நீட்டித் தடுத்தாள்.

"எட்டவே நில்லுங்க. சட்டையெல்லாம் பெட்ரோல். குப்புன்னு அடிக்குது, தெரியலையா?"

தெரியவில்லை. குனிந்து பார்த்தான். கை, மார்பு, வயிறு எல்லாம் ஊறிப்போயிருந்தது. இப்படியேதான் இவ்வளவு நேரமும் சூடான எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

"கழட்டுங்க" என்றாள்.

நடுத்தெருவில், மீட்டர் பட்டறைக்கு எதிரே, அத்தனை பேர் பார்க்க, தொப்பை தெரியச் சட்டையைக் கழற்றினான். அவள் அதை வாங்கி எட்டப் போட்டாள். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள். முழங்கை, தோள், கழுத்து என்று ஒவ்வொரு இடமாக முகர்ந்தாள். அவன் குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"இப்போ?" என்று கேட்டான்.

"இன்னும் வருது" என்றாள். "சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க, மறுபடி பாத்துச் சொல்றேன்."